கோமதி அத்தை படித்த நாடகமும் நான் நடித்த நாடகமும்

தென்காசி மகாஜனங்களுக்கும், விசேஷமாக எங்கள் தெருவில் குடியிருப்போருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சென்ற வெள்ளிக்கிழமை முதல் எந்தப் புத்தகத்தை யார் உரக்கப் படித்தாலும் நடுவில் இரண்டு பக்கம் தாண்டிக்கொள்ளலாம். கண்டுபிடித்துத் தலையில் குட்டுவதற்கு ஆள் கிடையாது. கடைசிப் பக்கத்துப் பிழைதிருத்தத்தைப் படிக்காமலே புத்தகத்தை மூடலாம். மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு வழியாகத் தகர டப்பாவை உருட்டிக்கொண்டும் போகலாம். "ஏலே, இங்கன ஒரு ராணி செத்துக்கிட்டு இருக்கா. சத்தம் போடாமப் போலே!" என்று யாரும் வெளியே வந்து விரட்டப் போவதில்லை.

இத்தனை சலுகைகளையும் ஒரே நாளில் நமக்கு வழங்கிவிட்டு, என் அத்தை கோமதி அம்மாள் அவர்கள் காலமாகிவிட்டார்கள்.

நம் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியன் சுப்பையா இதை என்னை எழுதச் சொன்னபோது மூன்று நிபந்தனைகள் போட்டான். கண்ணியமாக இருக்கவேண்டும். 'அன்னார்' என்ற சொல் நாலு இடத்திலாவது வரவேண்டும். என்னைப் பற்றி எழுதக்கூடாது. முதல் இரண்டுக்கும் முயன்று பார்க்கிறேன். மூன்றாவது நடக்காது. அத்தையைப் பற்றி எழுதினால் குற்றாலத்து நாடகத்தைப் பற்றி எழுதியாகவேண்டும். அந்த நாடகத்தில் மன்னனாக நடித்து ஊரையே அழவைத்தவன் நான். மன்னனைத் தள்ளிவிட்டு எழுதினால் கதை எப்படி நடக்கும்? (அதில் ராணியாக நடித்தவன் சுப்பையா என்பதை வாசகர்கள் மறந்துவிடக் கூடாது. அவன் மறக்கத்தான் ஆசைப்படுகிறான்.)

செய்தி வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் பாரத்தில் இருக்கிறேன். உள்ளபடி சொன்னால், பாரம்தான் என்மேல் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மூன்றாவது பீரியடில் பியூன் வந்து, தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்றார். அன்று காலையில்தான் கணக்கு வாத்தியாரின் சாக்பீஸ் பெட்டியில் ஒரு தவளையைக் குடிவைத்திருந்தேன். எனவே அறைக்குள் நுழைந்ததும், அவர் வாயைத் திறக்கும் முன்னாலேயே, "சார், வைத்தது நான்தான். ஆனால் குதித்தது அதுவாகத்தான் குதித்தது" என்று சொல்லிவிட்டேன்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "தவளையை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். உன் அத்தை தவறிப்போய்விட்டார்களாம். அப்பா ஆள் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்குப் போ" என்றார். பிறகு என் முதுகில் கையை வைத்தார். அந்தக் கை சத்தமில்லாமல் என் முதுகில் பட்டது அதுவே முதல் தடவை. அதனால்தான் நம்பினேன்.

நாலே நாள் காய்ச்சல். முந்தின நாள் சாயங்காலம்கூட, "கஞ்சியா இது, கழனித்தண்ணியா?" என்று என் அம்மாவிடம் சண்டை போட்டவர்கள். அப்படிப்பட்டவர்கள் போய்விடுவார்கள் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

அத்தையைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லவேண்டும். அன்னார் என் அப்பாவுக்கு மூத்தவர்கள். செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவர்கள். மாமா கொல்லத்தில் மரம் அடுக்கிவைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலை பார்த்தார்களாம். நான் அவர்களைப் பார்த்ததில்லை. மாமா திடீரென்று இறந்துபோக, பிள்ளைகுட்டி இல்லாத அத்தை ஒரே ஒரு தகரப் பெட்டியோடு தென்காசிக்கு ரயிலேறி வந்தார்கள். ஸ்டேஷனில் அந்தப் பெட்டியைத் தூக்கின அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "என்னக்கா இந்தக் கனம் கனக்கு? பாத்திரமா?" என்று கேட்டார்களாம். "ஆமா தம்பி, அம்புட்டும் பாத்திரந்தான்" என்றார்களாம் அத்தை. வீட்டில் வந்து திறந்தால் அத்தனையும் நாடகப் புத்தகம். ராஜா, ராணி, மந்திரி, தோழி, சேவகன் என்று பெட்டி நிறையப் பாத்திரங்கள்! ஒன்றில்கூட ரசம் வைக்க முடியாது.

அந்தப் பெட்டிதான் எங்கள் தெருவுக்கு நாடகக் கொட்டகை. தினம் மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் வீட்டு முன்கூடமான பட்டாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருத்தி சுளகில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருப்பாள். நெசவுக்காரத் தெரு மைதீன் பீவி நூல் சுற்றிக்கொண்டிருப்பாள். முன்வரிசையில், கையில் ஒரு வேலையும் இல்லாமல், காலை இட்லிக்கடையை முடித்துவிட்டு வந்த பேச்சியக்கா. பேச்சியக்காவுக்குக் கல்நெஞ்சு என்று பெயர். கடன் சொல்லி இட்லி தின்றவர்கள் வைத்த பெயர் அது.

அத்தை நடுவில் உட்கார்ந்து படிப்பார்கள். ஒரு எழுத்து விடாமல் படிப்பார்கள் என்பதுதான் விசேஷம். "மந்திரி வலப்புறமாகப் பிரவேசிக்கிறான்" என்றால், அதையும் படிப்பார்கள். பெண்கள் எல்லோரும் வலப்புறம் திரும்பிப் பார்ப்பார்கள். "திரை விழுகிறது" என்று படித்துவிட்டால் விழுந்ததுதான். அடுத்த காட்சி நாளைக்கு. "ஒரே ஒரு பக்கம் கோமுக்கா, அந்தப் பிள்ளை பிழைச்சுதா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க" என்று காலைப் பிடித்தாலும் கிடையாது. "திரை விழுந்துட்டுல்லா? அந்தப் பக்கம் என்ன நடக்குன்னு எனக்கு எப்படிட்டி தெரியும்?" என்பார்கள்.

நாடகம் முடிந்த பிறகு பிழைதிருத்தம். "நாற்பதாம் பக்கத்தில் 'இளவரசன் கண்ணயர்ந்தான்' என்பதை 'இளவரசன் கண்ணீர் விட்டான்' என்று திருத்திக்கொள்க." அதைக் கேட்டதும் பெண்கள் மூன்று நாளைக்கு முன்னால் அழவேண்டிய அழுகையை அப்போது அழுவார்கள்.

இந்த ராஜ்யத்தில் நான் ஒரு கலகம் செய்து பார்த்தேன். இரண்டு நாடகப் புத்தகங்களின் தையலைப் பிரித்து, இதன் கடைசிப் பக்கங்களை அதிலும், அதன் கடைசிப் பக்கங்களை இதிலும் வைத்துத் தைத்துவிட்டேன். மறுநாள் கதவுக்குப் பின்னால் நின்று, விராடபுரத்து ராஜா எப்போது வேறொருவன் பெண்டாட்டிக்குத் தாலி கட்டுவான் என்று காத்திருந்தேன். கட்டவில்லை. அத்தை பக்கத்தைத் திருப்பினார்கள். ஒரு கணம் பார்த்தார்கள். குரல் தடங்கவில்லை. தப்பான பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு சரியான நாடகத்தைக் கடைசி வரை 'படித்து'விட்டு, பிழைதிருத்தத்தையும் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, எல்லோரும் போன பிறகு கூப்பிட்டார்கள்.

"மருமவனே, தைக்கும்போது நூலுக்கு மெழுகு போட்டுத் தைக்கணும். இல்லேன்னா பக்கம் கழண்டுரும். கழட்டி மறுபடி தைச்சுக் கொண்டா."

அவ்வளவுதான். அடிக்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு நான் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.

ஆனால் நாடகத்தில் இவ்வளவு பைத்தியமான அன்னார், ஒரு நாடகத்தைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? தென்காசிக்குக் கம்பெனி வந்து கொட்டகை போட்டால் தெருப்பெண்கள் அத்தனை பேரும் போவார்கள். அத்தை மட்டும் போகமாட்டார்கள். "என்னத்துக்கு? என் ராசா ஆறடி இருக்கான். அவனுக்குத் தொண்டை கட்டாது. மீசை ஒரு பக்கம் தொங்காது. அங்கன போனா நாலடி ராசாவை இல்லா என் தலையிலே கட்டிவிடுவான்!"

நான் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே மாணவர் நாடக சபையில் சேர்ந்து ராஜபார்ட் ஆகியிருந்தேன். விடுவேனா?

"அத்தே, படிக்கது கல்யாண வீட்டிலே என்ன கறின்னு கேட்டுக்கிடுத மாதிரி. பாக்கதுதான் உக்காந்து சாப்பிடுதது" என்றேன்.

"சாப்பிடுததுதான். ஆனா அவன்ல்லா பிசைஞ்சு ஊட்டுதான்? அவன் பிசைஞ்ச பிசையலுக்கு நான் வாயைத் திறக்கணும். எனக்குக் கை இருக்கு மருமவனே."

"ஒரு ராஜா அழுதா முகம் எப்படி இருக்கும்னு புஸ்தகத்திலே தெரியுமா?"

"நீ அழுதா எப்படி இருக்கும்னு தெரியும். அதையா துட்டுக் குடுத்துப் பாக்கணும்?"

இப்படி நாங்கள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டிருக்கிறோம். போன ஆனி மாதம் ஒருநாள், "நான் நடிக்கதைக் குற்றாலத்துக்கு வந்து பாருங்க. அழாம எந்திரிச்சு வந்திருங்க, பாப்போம்" என்று நான் மார் தட்டினபோது, அத்தை கையிலிருந்த பயற்றைக் கீழே வைத்தார்கள்.

"உங்க மாமாவும் இதையேதான் சொல்லுவாக" என்றார்கள்.

அத்தை வாயிலிருந்து மாமா என்று வந்ததை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"கொல்லத்திலே நாடகம் பாத்துட்டு, சனிக்கிழமை ரயிலுக்கு அந்த நாடகப் புஸ்தகத்தையும் வாங்கிட்டு வருவாக. நான் படிச்சு முடிச்சதும் சண்டை ஆரம்பிச்சிரும். ராசா இப்படி நடந்தான்பாக. இல்லே, இப்படித்தான் நடந்திருப்பான்னு நான் சொல்லுவேன். சோறு ஆறிப்போவும். 'அடுத்த சீசனுக்கு ஒன்னையும் கூட்டிட்டுப் போறேன். பாத்துட்டு அப்புறம் பேசு'ன்னாக. அடுத்த சீசனுக்கு அவுக இல்லே. அந்தச் சண்டை அப்படியே பாதியிலே நிக்கி. அவுக இல்லாத நேரமாப் பாத்து நான் தனியாப் போயி உக்காந்து அழுதேன்னா, நான் தோத்தேன்னு ஆவாதா?"

பெரியவர்கள் சண்டையில் வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. "மாமாவுக்குப் பதிலா மீதிச் சண்டையை நான் போடுதேன் அத்தே" என்றேன்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு பந்தயத்தை அவர்களே வகுத்தார்கள். நாடகம் 'மரகதபுரி மன்னன்'. மந்திரியின் கோள்பேச்சைக் கேட்டு ராணியைக் காட்டுக்கு விரட்டிவிடுகிறான் மன்னன். பல வருஷம் கழித்து வேட்டைக்குப் போய்த் தாகத்தில் தவிக்கும்போது, கிணற்றடியில் ஒரு கிழிந்த சேலைக்காரி தண்ணீர் ஊற்றுகிறாள். குடித்து முடித்த பிறகுதான் அது ராணி என்று தெரிகிறது. அவள் அவன் மடியிலேயே உயிரை விடுகிறாள். அதன்பின் மன்னன் புலம்புகிற வசனம் மட்டும் இரண்டரைப் பக்கம். அத்தை அதைப் படிக்கிறபோதெல்லாம் பட்டாசல் முழுக்க அழும். பேச்சியக்கா அழுகிற ஒரே இடம் அதுதான்.

"அதே இடம், அதே பொம்பளைக. அதிலேயும் பேச்சி அழணும். நீ அழ வச்சிட்டேன்னா, நான் இனிமே பெட்டியைத் திறக்க மாட்டேன். ரெண்டு மணிக்கு வாசிப்பு கிடையாது. அழ வைக்கலேன்னா நீ இனிமே அரிதாரம் பூசப்பிடாது. சரியா?"

"அய்யய்யோ கோமுக்கா, நாங்க என்ன பாவம் செஞ்சோம்?" என்று அலறினார், அப்போதுதான் உள்ளே வந்த பேச்சியக்கா.

"சரி" என்றேன் நான்.

ஆடி மாதம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. இரண்டு வண்டி கட்டிக்கொண்டு தெருப்பெண்கள் குற்றாலத்துக்கு வந்து, அருவியில் குளித்து, கட்டுச்சோற்றை முடித்துவிட்டு, மூன்று மணிக்குக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். கொட்டகை தகரம் வேய்ந்தது. நடுவில் ஓலைத்தட்டி வைத்து இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மேடையிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் தெரியும். தரையில் இருப்பவர்களுக்கு அடுத்த பக்கம் தெரியாது. பெண்கள் பக்கத்தில் கடைசியில், சுவரோரமாக அத்தை. கையில் புத்தகம் இல்லை. அதுவே எனக்குப் பாதி வெற்றி மாதிரி இருந்தது.

முதல் ஏழு காட்சிகளைப் பற்றி என்னைப் புகழ்ந்து நானே எழுதுவது அழகல்ல. எனவே, அபாரம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

எட்டாவது காட்சி கிணற்றடி. ராணி சுப்பையா தண்ணீர் ஊற்றினான். நான் குடித்தேன். முகத்தைப் பார்த்தேன். "ஆ! நீயா!" என்றேன். அவன் என் மடியில் விழுந்து செத்தான். நான் வாயைத் திறந்தேன். வானமும் திறந்துகொண்டது.

குற்றாலத்துச் சாரல் என்றால் பூப்போல விழும் என்று வெளியூர்க்காரர்கள் எழுதுவார்கள். அவர்கள் யாரும் சாரல் மழையாக முற்றும்போது தகரக் கூரைக்கு அடியில் நின்று வசனம் பேசிப் பார்த்ததில்லை. ஆயிரம் பேர் தலைக்கு மேல் உலக்கை போட்ட மாதிரி இருந்தது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. ஆர்மோனியக்காரர் கட்டையை அழுத்திப் பார்த்துவிட்டு, கேட்காது என்று தெரிந்ததும் பெட்டியை மூடி வெற்றிலை போட ஆரம்பித்தார்.

வேறொருவனாக இருந்தால் திரையை இழுக்கச் சொல்லியிருப்பான். நான் நடித்தேன். சத்தத்தை விட்டுவிட்டு முகத்தாலும் கையாலும் நடித்தேன். வலது கையை நெஞ்சருகே கொண்டுபோய், மெல்ல விரித்து, அந்த வெறுங்கையைப் பார்த்துத் தலையைக் குனிந்தேன். அட்டைக் கிரீடம் ஈரத்தில் ஊறிக் காதுவரை இறங்கியதைக்கூடப் பொருட்படுத்தவில்லை.

அப்போதுதான் கூரை ஓட்டை ஒன்று செத்துப்போன சுப்பையாவின் மூக்குக்கு நேராக ஒழுக ஆரம்பித்தது. பிணம் முதலில் பல்லைக் கடித்தது. பிறகு மூக்கைச் சுருக்கியது. பிறகு, ஊருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, என் மடியிலேயே நகர்ந்து தலையை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டது. ஒழுக்கும் இந்தப் பக்கம் வந்தது. பிணம் தும்மியது. ஆண்கள் பக்கம் பெஞ்சில் அடித்து அடித்துச் சிரித்தார்கள்.

ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம்? அத்தனை பெண்களும் அழுதார்கள்! மைதீன் பீவி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். கல்நெஞ்சுப் பேச்சியக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மேடையில் என் கண்ணிலும் நீர் வழிந்தது. வெங்காயம் இல்லாமல் வந்த நீர். ஒரே காட்சியில் பாதிக் கூட்டத்தைச் சிரிக்கவும் பாதிக் கூட்டத்தை அழவும் வைத்து, தானும் நிஜமாக அழுத நடிகன் இந்த ஜில்லாவில் வேறு யாராவது உண்டா என்று அன்று முதல் நான் கேட்காத ஆள் இல்லை.

நாடகம் முடிந்து அரிதாரத்தோடு வண்டிக்கு ஓடினேன். நான் கேட்பதற்குள் அத்தையே சொல்லிவிட்டார்கள்: "பந்தயம் என்ன? பேச்சி அழணும். அழுதாச்சு. மருமவன் ஜெயிச்சாச்சு."

பேச்சியக்கா, "கோமுக்கா, அது வந்து..." என்று ஏதோ ஆரம்பித்தார்.

"ஏட்டி, வாயை மூடிக்கிட்டு வண்டியிலே ஏறு. மழை வலுக்கு."

என் நடிப்பைப் புகழத்தான் வாயைத் திறந்திருப்பார் என்று நானே எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன்.

மறுநாள் இரண்டு மணிக்கு வழக்கம்போல் பெண்கள் வந்தார்கள். பெட்டி பூட்டியிருந்தது. அத்தை ஒரு மூலையில் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். "வாக்கு வாக்குதான்" என்றார்கள். அரிசி புடைக்கிறவள் புடைத்தாள். நூல் சுற்றுகிறவள் சுற்றினாள். மூன்று மணிக்கு எழுந்து போய்விட்டார்கள். எட்டு நாள் இப்படி நடந்தது. பேச்சியக்கா கடையில் எனக்கு மட்டும் சட்னி இல்லாமல் இட்லி வந்தது. வீட்டில் பொறுக்கின பயற்றையே அத்தை திரும்பத் திரும்பப் பொறுக்கினார்கள்.

ஒன்பதாம் நாள் நான் பெரிய மனது பண்ணினேன். பட்டாசல் நடுவில் நின்று, "வெற்றி பெற்ற மன்னன் தோற்றவர்களுக்கு மன்னிப்பு வழங்குகிறான். இன்று முதல் வாசிக்கலாம்!" என்று அறிவித்தேன்.

"மன்னர் உத்தரவு" என்றார்கள் அத்தை. நான் அடுத்த வாக்கியம் சொல்வதற்குள் பெட்டி திறந்துவிட்டது.

என் பெருந்தன்மையை இந்த இடத்தில் வாசகர்கள் கவனிக்கவேண்டும். அதற்குப் பிறகு கிணற்றடிக் காட்சி வந்தபோது, அத்தை புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு, வலது கையை நெஞ்சருகே கொண்டுபோய் மெல்ல விரித்தார்கள். "பாத்தீங்களா, என்னைப் பாத்துக் கத்துக்கிட்டாங்க" என்று தெரு முழுக்கச் சொன்னேன். அத்தை மறுக்கவே இல்லை.

இதுவரை எழுதி, நேற்று சாயங்காலம் சுப்பையாவிடம் கொடுக்கக் கிளம்பினேன். வழியில் பேச்சியக்கா பிடித்துக்கொண்டார்.

"கோமுக்காவைப் பத்தி எழுதியிருக்கியாம்லே? படி, கேப்போம்."

இட்லிக் கொப்பரைப் பக்கத்தில் நின்று முழுவதையும் படித்தேன். ஒரு இடத்தில் சிரித்தார். தவளை என்று நினைக்கிறேன். முடித்ததும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. எங்க வாயைக் கோமுக்கா சத்தியம் வாங்கிக் கட்டிப்போட்டா. 'பய நடிப்பை விட்டுருவான்டி, பாவம்'னு சொல்லி வாங்கினா. ஒன் வாயை யாருலே கட்டினா?"

ஆகவே இந்தக் கட்டுரைக்கும் ஒரு பிழைதிருத்தம் தேவைப்படுகிறது.

அன்று மேடையில் கிணற்றடி வசனம் எனக்கு வரவில்லை; மறந்துபோனதால் அல்ல. மறப்பதென்றால் முதலில் பாடமாகியிருக்கவேண்டும். ஆறு வரிதான் எனக்குத் தெரியும். மீதியை அரிதாரம் பூசும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். அரிதாரம் பூசும்போது கண்ணாடியைத்தான் பார்த்தேன். எனவே மழை பிடித்ததும் எனக்குச் சாமியே வந்த மாதிரி இருந்தது. யாருக்கும் கேட்காது; எதைச் சொன்னால் என்ன? முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு பதிமூன்றாம் வாய்ப்பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். ஏழு பதிமூணு தொண்ணூற்றொன்று வரைக்கும் மன்னன் அழகாகப் புலம்பினான். எட்டு பதிமூணில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடி, வார்த்தை இல்லாமல், சுற்றிப் பார்த்தேன்.

பெண்கள் பக்கத்தில் அத்தை எழுந்து நின்றார்கள்.

"என்ன சொல்லுதான் கோமுக்கா? ஒண்ணும் கேக்கலியே" என்று பேச்சியக்கா கேட்டிருக்கிறார். கேட்டவர்களுக்காக அத்தை வசனத்தைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். எல்லோரும் அத்தையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு, தலையைத் தூக்கி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னை ஒருத்திகூடப் பார்க்கவில்லை. அத்தனை முதுகும் என் பக்கம்.

அத்தை மட்டும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் நின்றுபோனது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. உடனே ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, வாயை அகலத் திறந்து, எனக்காகச் சொன்னார்கள். கேட்கவில்லை, தெரிந்தது. கதவுக்குப் பின்னால் நின்று எத்தனை தடவை கேட்ட பக்கம் அது! அவர்கள் வாய் அசைந்தது, நான் அசைத்தேன். அவர்கள் வலது கையை நெஞ்சருகே கொண்டுபோய் விரித்தார்கள்; நானும் விரித்தேன். அவர்கள் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். என் பெயரில் ஊர் புகழ்ந்த அந்தக் கையசைவு, பட்டாசலில் உட்கார்ந்து படிக்கும்போது அதற்கு முன் ஒருநாளும் அவர்கள் செய்யாதது. அன்று அந்த மழையில், நின்று, அவர்களுக்கே வந்தது. "நீ நீட்டிய தண்ணீரைப் பார்த்தேனே, நீட்டிய கையைப் பார்க்கவில்லையே" என்ற வரிக்கு வந்தபோது அத்தையின் முகத்தில் ஒரு மன்னன் நின்றான். என் கண்ணில் நீர் வந்தது அதைப் பார்த்துத்தான். வெங்காயம் இல்லாத அழுகை என்று நான் தம்பட்டம் அடித்தது அதைத்தான்.

பெண்கள் அழுதது படித்ததைக் கேட்டு. மேடையில் நான் அழுதது அத்தை நடித்ததைப் பார்த்து. யார் ஜெயித்தார்கள் என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் தெரியவில்லை. யார் ஜெயிக்கவில்லை என்று மட்டும் நன்றாகத் தெரியும். அது தெரிந்திருந்தும், அத்தை தன் இரண்டு மணியை எட்டு நாள் எனக்கு விட்டுக்கொடுத்தபோது கூசாமல் வாங்கிக்கொண்டேன். போதாததற்கு மன்னிப்பு வேறு வழங்கினேன்.

இப்போது கண்ணை மூடினால் வருவது படுத்திருந்த அத்தை இல்லை. தகரக் கூரையில் மழை கொட்டுகிறது. ஈரத்தலைகளுக்கு நடுவில், வெளுத்த சேலையில் ஒருவர் எழுந்து நிற்கிறார்கள். சத்தமே இல்லை. எனக்குப் புரியவேண்டுமே என்று வாயை அவ்வளவு பெரிதாகத் திறக்கிறார்கள். அன்று குற்றாலத்தில் உண்மையாக நாடகம் பார்த்தவன் ஒருவன்தான். அவன் மேடைமேல் நின்றுகொண்டிருந்தான்.

போய் வாருங்கள், அத்தை. பந்தயத்தில் தோற்றவன் நான். வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.